சோதனைக்குழாயில் ரோஸ்மில்க்

எங்கள் லேபில் அந்த நிறத்துக்கு ரோஸ்மில்க் என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோதே அப்படித்தான் புழங்கிக்கொண்டிருந்தது. "என்னம்மா, ரோஸ்மில்க் வந்துச்சா?" என்று சீனியர் அக்கா கேட்டால், எலியின் ஈரலில் கொழுப்பு எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று அளந்து முடித்தாயா என்று அர்த்தம். குழாய் நன்றாகச் சிவந்திருந்தால் ஈரலுக்கு ஆபத்து. வெளிறிய ரோஸ் என்றால் தப்பித்தது. மூன்று வருடம் அந்த நிறத்தை நம்பித்தான் என் பிழைப்பு ஓடியது.

செய்முறை ஒன்றும் பெரிதில்லை. ஈரலை அரைத்து, சோப்பு வகையைச் சேர்ந்த எஸ்.டி.எஸ். கொஞ்சம், அசிட்டிக் அமிலம் கொஞ்சம், தயோபார்பிட்யூரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்து, குழாயின் வாயில் கோலிக்குண்டு ஒன்றை வைத்து, 95 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். கோலிக்குண்டு என்றால் நிஜக் கோலிக்குண்டுதான், கடைத்தெருவில் வாங்கியது. மேலே போகும் ஆவி அதில் பட்டுக் குளிர்ந்து திரும்பக் குழாய்க்குள்ளேயே சொட்டிவிடும். அறுபது குழாய், அறுபது குண்டு. கொதி ஏறும்போது அவை ஆடிக் கண்ணாடியில் மோதும் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஆறவைத்து, பியூட்டனாலும் பிரிடினும் கலந்து ஊற்றிக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் நிறம் முழுக்க மேல் அடுக்கில் ஏறி நிற்கும். அதை எடுத்து 532 நானோமீட்டர் ஒளியில் படித்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணிலிருந்து மலோன்டைஆல்டிஹைடு, சுருக்கமாக எம்.டி.ஏ., எவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஓகாவா, ஒஹிஷி, யாகி என்ற மூன்று ஜப்பானியர்கள் 1979-இல் எழுதிய முறை. உலகத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுமுறைகளில் இதுவும் ஒன்று. பிரிடினின் வாடையைப் பற்றி மட்டும் அவர்கள் எச்சரித்திருக்கலாம். கெட்ட மீன் வாடை. அன்றைக்கு பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும்.

அது ஒரு சனிக்கிழமை. டிஸ்டில்டு வாட்டர் கேன் காலி. கொண்டுவந்து வைக்கும் அண்ணன் சனிக்கிழமை அரைநாளோடு கிளம்பிவிடுவார். பிளாங்க் குழாயில் ஈரலுக்குப் பதிலாக நான் வழக்கமாகத் தண்ணீர்தான் ஊற்றுவேன். எதுவும் இல்லாத குழாயை வைத்து மெஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்காக. அன்றைக்குத் தண்ணீர் இல்லாததால், ஈரலை அரைத்த பஃபரையே அந்தக் குழாயில் ஊற்றிவிட்டேன். உண்மையில் அதுதான் சரியான பிளாங்க். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவசரத்துக்கு ஏதோ செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கினால் பிளாங்க் ஆரஞ்சாக இருக்கிறது.

ஈரல் இல்லை. கொழுப்பு இல்லை. பஃபரில் இருந்தது சர்க்கரை. மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிப்பதற்காக 0.25 மோலார் சுக்ரோஸ் கரைசலில் ஈரலை அரைப்பது வழக்கம். லிட்டருக்கு 85 கிராம் சொச்சம், அதாவது நல்ல தித்திப்பான காபியின் கணக்கு. அமிலத்தில் ஒரு மணி நேரம் வெந்த சர்க்கரை உடைந்து, தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சேர்ந்து தன் நிறத்தைக் காட்டியிருக்கிறது. அந்த நிறத்தின் உச்சம் 450 நானோமீட்டர் பக்கம். ஆனால் அதன் வால் 532 வரைக்கும் நீளும். நான் 532-இல் மட்டும் படித்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள்.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. முதல் வருட எலிகளின் ஈரலை பாஸ்பேட் பஃபரில் அரைத்திருந்தேன். இரண்டாம் வருடம் மைட்டோகாண்ட்ரியாவும் வேண்டும் என்று சுக்ரோஸுக்கு மாறினேன். இரண்டாம் வருட எலிகளுக்கு எம்.டி.ஏ. கூடுதல் என்று வரைபடம் போட்டு, அவை வயதில் கொஞ்சம் மூத்தவை என்பதோடு முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கம் வியாக்கியானமும் எழுதி வைத்திருந்தேன். மூப்பு, ஆக்சிஜன், ஈரல் என்று நல்ல நல்ல வார்த்தைகள். கூடியிருந்தது சர்க்கரை.

*

இந்த அளவீட்டில் ஏன் இவ்வளவு குழப்பம் என்று புரிய, செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு நான்கைந்து நானோமீட்டர் தடிமன்தான். இரண்டு அடுக்குக் கொழுப்பு. அந்தக் கொழுப்பின் வால்களில் சிலவற்றில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. லினோலீயிக் அமிலத்தில் இரண்டு, அராக்கிடோனிக் அமிலத்தில் நான்கு, மூளையிலும் விழித்திரையிலும் நிறைந்திருக்கும் டி.எச்.ஏ.வில் ஆறு. சவ்வு விறைக்காமல் நெகிழ்வாக இருக்க இவை வேண்டும். ஆனால் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கார்பன் இருக்கிறதே, அதன் ஹைட்ரஜன் அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்காது. பிடுங்க ஆள் வந்தால் கையோடு வந்துவிடும்.

பிடுங்க வருகிற ஆள்தான் ஃப்ரீ ராடிக்கல். எலக்ட்ரான் ஒன்று ஜோடி இல்லாமல் தவிக்கும் மூலக்கூறு. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது நான் கோயில் வாசல் செருப்பைத்தான் எடுப்பேன். ஒருவருடைய செருப்பு காணாமல் போய்விட்டது. நல்ல வெயில், தரை சுடுகிறது. பக்கத்தில் கிடக்கும் ஜோடியை மாட்டிக்கொண்டு அவர் நடையைக் கட்டிவிடுகிறார். அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரர் வந்து தேடிப் பார்த்துவிட்டு இன்னொருவருடையதை மாட்டிக்கொள்கிறார். காணாமல் போனது ஒரே ஜோடி. சாயங்காலத்துக்குள் ஐம்பது பேர் காலில் அடுத்தவர் செருப்பு. சவ்விலும் அதே கதைதான். ஹைட்ரஜனைப் பறிகொடுத்த கொழுப்பு, ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பெராக்சில் ராடிக்கல் ஆகிறது. அது பக்கத்துக் கொழுப்பின் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரோபெராக்சைடாகி அடங்குகிறது. பறிகொடுத்த பக்கத்துக் கொழுப்பு அடுத்ததைத் தேடிப் போகிறது.

வைட்டமின் ஈ என்பது, "சரி, போனா போகுது" என்று வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்துவிடும் ஆள். சங்கிலி அவரோடு நிற்கும். சவ்வில் ஆயிரம் கொழுப்பு மூலக்கூறுக்கு ஒன்று என்கிற மாதிரிதான் அது இருக்கிறது. ஆனாலும், கேட்டதும் ஹைட்ரஜனைக் கழற்றிக் கொடுப்பதில் கொழுப்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகம் என்பதால் அந்தக் கொஞ்சமே போதுகிறது. 1922-இல் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் இதைக் கண்டுபிடித்தபோது அவர்களுக்கு ராடிக்கல் பற்றியெல்லாம் நினைப்பே இல்லை. பன்றிக்கொழுப்பு கலந்த தீனி தின்ற எலிகளுக்குக் கரு தங்கவில்லை, லெட்டூஸ் இலை கொடுத்தால் தங்கியது. அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது.

செருப்புக் கதை ஓரிடத்தில் இடிக்கும். செருப்பு மாறிப்போனவர் வீடு போய்ச் சேர்ந்தால் விஷயம் முடிந்தது. சவ்வில் அடங்கிக் கிடக்கும் ஹைட்ரோபெராக்சைடு முடிந்த விஷயம் இல்லை. இரும்பு அயனி ஒன்று பக்கத்தில் வந்தால் போதும், அது உடைந்து புது ராடிக்கலாகி, அங்கிருந்து இன்னொரு சங்கிலி கிளம்பும். முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, நான்கு என்று கிளை விடும்.

இந்தக் குணத்தை, அதற்குப் பெயர் வைப்பதற்கு நூறு வருடம் முன்பே பார்த்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த த சொசூர். 1820 வாக்கில் தண்ணீர் மேல் வால்நட் எண்ணெயைப் படரவிட்டு, அது எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது என்று பாதரசத்தை வைத்து அளந்தார். எட்டு மாதத்தில் எண்ணெய் தன் பருமனைப்போல மூன்று மடங்கு காற்றை உறிஞ்சியது. அதற்கடுத்த பத்தே நாளில் அறுபது மடங்கு. பிறகு மூன்று மாதத்தில் வேகம் தணிந்து, மொத்தம் 145 மடங்கில் நின்றது. எண்ணெய் கெட்டியாகி நாற்றமெடுத்துவிட்டது. நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்த சோதனை இது. விலையுயர்ந்த மெஷின் எதுவும் இல்லை. எட்டு மாதம் பொறுமை, அவ்வளவுதான்.

தீபாவளி முறுக்கு டப்பாவிலும் இதுதான் நடக்கிறது. இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு நாள் மூடியைத் திறந்தால் சிக்கு வாடை. அந்த வாடையில் ஹெக்சனாலுக்குப் பெரிய பங்கு உண்டு. லினோலீயிக் அமிலத்தின் ஹைட்ரோபெராக்சைடு உடைந்து வரும் துண்டு அது. எல்லாக் காறலையும் இதன் தலையில் கட்டிவிடவும் கூடாது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு இரட்டைப் பிணைப்பே இல்லாத கொழுப்பு, அதில் எளிதாகப் பிடுங்கக்கூடிய ஹைட்ரஜன் குறைவு. அது காறுவது பெரும்பாலும் ஈரத்தாலும் பூஞ்சையாலும். வேறு வேதியியல், மூக்குக்கு மட்டும் ஏறக்குறைய ஒரே செய்தி. மூக்கையும் முழுக்க நம்ப முடியாது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

*

அளவீட்டின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பெராக்சில் ராடிக்கலை உயிருள்ள செல்லுக்குள் போய்ப் பிடித்து எண்ண முடியாது. அதற்குள் அது வேறு ஒன்றாகிவிடும். ஆக, எல்லோரும் எண்ணுவது அது விட்டுச்சென்ற தடயங்களை. சங்கிலியின் ஆரம்பத்தில் இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறுவதை 234 நானோமீட்டரில் பார்க்கலாம். நடுவில் ஹைட்ரோபெராக்சைடை அயோடினை வைத்துப் பிடிக்கலாம். சமையல் எண்ணெய் ஆலைகளில் பெராக்சைடு மதிப்பு என்று பார்ப்பது அதுதான். கடைசியில் வரும் உடைசல்கள், எம்.டி.ஏ., நோனினால், ஈத்தேன் வாயு. 1974-இல் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்த சுண்டெலிகள் விடும் மூச்சிலேயே ஈத்தேனை அளந்து காட்டினார்கள். எலியைக் கொல்லாமல், அறுக்காமல், மூச்சை மட்டும் பிடித்து.

நாங்கள் எல்லோரும் எம்.டி.ஏ.வைப் பிடித்துத் தொங்கியதற்குக் காரணம் விலை. ஒரு பாட்டில் தயோபார்பிட்யூரிக் அமிலம் வாங்கினால் இரண்டு தீசிஸ் முடிக்கலாம். இதன் பிறப்பே ஒரு குழப்பத்தில் நடந்தது. 1944-இல் கோன், லிவர்சிட்ஜ் என்ற இருவர் மூளைத் திசுவைக் காற்றில் வைத்திருந்தபோது இந்த நிறம் வந்தது. மூளை ஏதோ புதிய பொருளை உற்பத்தி செய்கிறது என்று நினைத்து, கட்டுரைத் தலைப்பிலேயே அப்படி எழுதினார்கள். மூளை உற்பத்தி செய்யவில்லை, கெட்டுக்கொண்டிருந்தது.

எம்.டி.ஏ. முக்கியமாக மூன்று அல்லது அதற்கு மேல் இரட்டைப் பிணைப்பு உள்ள கொழுப்பிலிருந்துதான் வரும். லினோலீயிக் அமிலம் எவ்வளவு கெட்டாலும் இந்தச் சோதனைக்குப் பெரிதாகக் கேட்காது. இது ஒரு குறை. பெரிய குறை, கொதிக்கவைப்பது. அமிலம், சூடு, ஈரலில் தாராளமாக இருக்கும் இரும்பு, குழாயில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். சங்கிலி ஓட இதைவிட நல்ல இடம் கிடையாது. எலிக்குள் நடந்தது பாதி, நான் குழாய்க்குள் நடத்தியது பாதி என்று கலந்துதான் அந்த ரோஸ்மில்க் வருகிறது. இதைத் தடுக்க, வேகவைக்கும் முன் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன், சுருக்கமாக பி.எச்.டி., என்ற பொருளைச் சேர்க்க வேண்டும். இதுவும் வெறுங்காலோடு நடக்கும் வகைதான். சில தின்பண்டப் பாக்கெட்டுகளின் பின்பக்கம் ஐ.என்.எஸ். 321 என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதே சாமான். சேர்க்காமல் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன்.

ஆரஞ்சு பிளாங்குக்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். சரியான பிளாங்க், பி.எச்.டி., தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்க்காத ஜோடிக் குழாய், ஒரே எண்ணுக்குப் பதிலாக 400 முதல் 600 வரை முழு ஸ்பெக்ட்ரம். மூப்பு பற்றிய இரண்டு பக்கம் குப்பைக்குப் போனது. ஆனால் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்த எலிகளின் உயர்வு அப்படியே நின்றது. அந்தப் பொருளை ஈரலே உடைத்து ட்ரைகுளோரோமெத்தில் ராடிக்கலாக்கிக்கொள்கிறது, அடி அவ்வளவு பலம். ஆகவே இந்தச் சோதனையைத் தூக்கி எறி என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. இடி இடித்தால் அதற்குக் கேட்கும். குசுகுசுப்பைக் கேட்க அதை உட்கார வைத்தால் தன் வயிற்றுச் சத்தத்தையே கேட்டுச் சொல்லும்.

என் தீசிஸ் இருந்ததோ குசுகுசுப்பில். தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு இந்த வடிவம் தெரியும்: ஏதாவது ஒரு இலை, அதன் சாறு, எலி, ஈரல், சாறு கொடுத்தால் எம்.டி.ஏ. குறைகிறது. என்னுடையதும் ஒரு இலைதான், பெயர் வேண்டாம். அரைத்த ஈரலோடு குழாயிலேயே இலைச்சாற்றைச் சேர்த்து, அப்புறம் இரும்பு சேர்த்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. எம்.டி.ஏ. அழகாக இறங்கியது. அந்தச் சாற்றில் ஃபீனால் வகைப் பொருட்கள் நிறைய. அவை வேலை செய்தது ஈரலிலா, இல்லை கொதிக்கும் தண்ணீரில் பி.எச்.டி. செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்ததா? வேகவைத்து முடித்த பிறகு சாற்றைச் சேர்த்திருந்தால், வேகவைப்பதற்குச் சற்று முன் சேர்த்திருந்தால் என்று இரண்டு குழாய் கூடுதலாக வைத்திருந்தால் தெரிந்திருக்கும். வைத்துப் பார்த்தேன். சற்று முன் சேர்த்த குழாயிலும் அதே அழகான இறக்கம். ஈரலுக்கு எதையும் செய்ய அதற்கு நேரமே கொடுக்கவில்லை.

மேடமிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் வரைபடத்தையே பார்த்தார். "இதை நீ ஏன் முதல் வருஷமே செய்யல?" என்றார். பிறகு, "நானும் சொல்லல" என்றார். அதற்குள் கட்டுரை ஒன்று ஓர் இதழுக்குப் போயிருந்தது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. மதிப்பீட்டாளரின் குறிப்பு இரண்டே வரி, செல்லில் வேறு முறையால் உறுதிசெய்யாதவரை இந்த எண்களை ஏற்க முடியாது என்று. கோபம் வரவில்லை. எனக்கே தெரிந்த விஷயம்.

*

வேறு முறை தேடி பெங்களூரில் ஓர் ஆய்வகத்துக்கு மூன்று மாதம் போனேன். எலியை விட்டு செல்லுக்கு மாறியது அங்கேதான். பாடிப்பி சி11 என்று ஒரு சாயம் உண்டு. கொழுப்பு அமிலத்தின் வாலை ஒட்டவைத்த ஒளிரும் மூலக்கூறு. செல்லுக்கு ஊற்றினால் தானாகச் சவ்வுக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். கெடாமல் இருக்கும்வரை 590 நானோமீட்டர் பக்கம் சிவப்பாக ஒளிரும். ராடிக்கல் வந்து கடித்தால் ஒளி 510 பக்கம் நகர்ந்து பச்சையாகும். சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் போதும். சாயம் ஒரு செல்லில் கூட, ஒரு செல்லில் குறைய ஏறியிருந்தாலும் கவலையில்லை. வேகவைக்க வேண்டாம், பிரிடின் வேண்டாம், செல் உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம். மூன்று வருடம் கருவாட்டு வாடையில் கிடந்தவளுக்கு அது சொர்க்கம்.

முதல் நாள் சும்மா பழகுவதற்காக, மருந்து எதுவும் போடாத டிஷ்ஷை கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். எச்.டி.1080 என்ற புற்றுநோய்ச் செல்கள். அழகான சிவப்பு. இரண்டு செல்களை ஜூம் செய்து, ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தி, லேசரை ஓடவிட்டபடியே நான்கைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல ஓரம் பச்சையாகிறது. உட்சவ்வு எல்லாம் பச்சை. மருந்தே போடாத செல் என் கண் முன்னால் கெட்டுக்கொண்டிருக்கிறது. இன்குபேட்டரில் ஏதோ தப்பு என்று பதறிப்போய், மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஓசூர்க்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஜூமை விலக்கினார்.

சுற்றிலும் சிவப்புச் செல்கள். நடுவில், நான் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சட்டத்தின் அளவுக்கு, கச்சிதமான பச்சைச் சதுரம். ஒரு செல் அதன் கோட்டில் மாட்டி, பாதி பச்சை, பாதி சிவப்பு.

"செல்லு சதுரமா சாவாதும்மா" என்றார். "லேசரை அணைச்சிட்டு யோசிங்க."

அதாவது, நான் பார்த்ததால் கெட்டது. லேசர் ஒளியே சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. கொதிநீருக்குப் பதில் வெளிச்சம், மற்றபடி அதே கதை. அதன்பிறகு லேசரை அடிமட்டத்துக்குக் குறைத்து, ஓரிடத்தில் ஒரே ஒரு படம், உடனே அடுத்த இடம் என்று எடுக்கப் பழகினேன். எண்ணிக்கைக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர். ஒரு செல் லேசர் முன்னால் கடக்கும் நேரம் கண் சிமிட்டலில் ஒரு துளிகூட இருக்காது, அப்படிப் பத்தாயிரம் செல்.

சாயத்தின் இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அது நாமே கொண்டுபோய்ச் செருகியது, செல்லின் சொந்தக் கொழுப்பு இல்லை. அடிதடி நடக்கும் கூட்டத்துக்குள் நம் ஆள் ஒருவனை அனுப்பி, அவன் சட்டை எவ்வளவு கிழிந்து வருகிறது என்று பார்த்துச் சண்டை எவ்வளவு பெரிது என்று சொல்வது போல. சட்டை கிழிந்தது நிஜம். யார் யாரை அடித்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. எந்தக் கொழுப்பு கெட்டது என்று தெரிய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். 2017-இல் பிட்ஸ்பர்க்கில் வலேரியன் ககான் குழு அப்படித் தேடித்தான், சவ்வில் இருக்கும் ஆயிரம் வகைக் கொழுப்பில் பாஸ்ஃபடிடைல்எத்தனாலமீன் என்ற ஒரு வகை, அதிலும் அராக்கிடோனிக், அட்ரீனிக் அமில வால் உள்ளவை கெடுவதுதான் சாவுக்குக் கட்டியம் கூறுகிறது என்று காட்டினார்கள்.

எந்தச் சாவு? 2012-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்சனும் பிரென்ட் ஸ்டாக்வெல்லும் பெயர் வைத்த ஃபெராப்டோசிஸ். இரும்பை நம்பி நடக்கும் சாவு. செல்லில் ஜி.பி.எக்ஸ்.4 என்ற நொதி இருக்கிறது. இத்தாலியின் பதுவாவில் ஃபுல்வியோ உர்சினி 1982-இல் பன்றி ஈரலிலிருந்து பிரித்தெடுத்தது. சவ்வில் சும்மா கிடக்கும் ஹைட்ரோபெராக்சைடைத் தேடிப் போய், இரும்பு வருவதற்கு முன் அதைச் சாதுவான ஆல்கஹாலாக மாற்றிவிடுவதுதான் அதன் முழுநேர வேலை. அதை முடக்கினால் செல் வேறு எந்தக் குறையும் இல்லாமலேயே செத்துப்போகும். என் எலிகளைப் பொறுத்தவரை கொழுப்பு கெடுவது நோயின் அடையாளம் மட்டும்தான். இங்கேயோ அதுவே கொலையாளி. அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு அதற்குமேல் காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

நான்கு டிஷ். ஒன்றில் எதுவும் இல்லை. ஒன்றில் ஜி.பி.எக்ஸ்.4-ஐ முடக்கும் ஆர்.எஸ்.எல்.3. ஒன்றில் அதோடு ஃபெரோஸ்டாட்டின், இது சங்கிலியை அறுப்பது. கடைசியில் ஃபெரோஸ்டாட்டின் மட்டும். ஒன்றரை மணி நேரம் இருட்டில். அறை விளக்கையும் அணைத்துவிட்டேன், இருட்டில் தடவித் தடவித்தான் டிஷ்ஷை வைத்தேன். ஆர்.எஸ்.எல்.3 போட்டது முழுக்கப் பச்சை, சதுரமும் இல்லை வட்டமும் இல்லை, டிஷ் முழுக்க. சில செல்கள் உப்ப ஆரம்பித்திருந்தன. அதே ஆர்.எஸ்.எல்.3-ஓடு ஃபெரோஸ்டாட்டினும் சேர்ந்தது சிவப்பு. மற்ற இரண்டும் சிவப்பு. நான்கு வருடத்தில் முதல்முறையாக, படத்தைச் சேமித்துவிட்டு, இது என்னால் வந்ததா என்று கேட்டு, இல்லை என்று எனக்கே பதில் சொல்லிக்கொண்டேன்.

இலைச்சாறு? அந்த டிஷ்களிலும் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் காப்பாற்றியது. நான் எழுதி வைத்திருந்ததில் கால்வாசி. தீசிஸில் அந்தக் கால்வாசிதான் போனது.

*

ஊர் திரும்பிய பிறகு, ஐசோபுரோஸ்டேன் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். உடம்புக்குள் கொழுப்பு கெடுவதை அளக்க இன்று அதிகம் நம்பப்படுவது அதுதான். அராக்கிடோனிக் அமிலம் நொதியின் உதவியில்லாமல், ராடிக்கலால் மட்டுமே மாறி உருவாகும் பொருள். ரத்தத்திலும் சிறுநீரிலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரால் அளப்பார்கள். 1990-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மாரோவும் ஜாக்சன் ராபர்ட்ஸும் இதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு முக்கியம். அவர்கள் தேடியது வேறு எதையோ. மைனஸ் 20 டிகிரியில் மாதக்கணக்கில் கிடந்த ரத்தப் பிளாஸ்மாவில் சில பொருட்கள் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தன. புதிய பிளாஸ்மாவில் அப்படி இல்லை. ஃப்ரீசருக்குள், உறைந்த நிலையிலேயே, சங்கிலி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வேறு யாராவது என்றால் பழைய சாம்பிள் என்று கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நானாக இருந்தால் கொட்டக்கூட மாட்டேன், வரைபடம் போட்டு மூப்போடு முடிச்சுப் போட்டிருப்பேன்.

அதைப் படித்த அன்றைக்குத்தான் எங்கள் ஃப்ரீசரின் இரண்டாவது தட்டு நினைவுக்கு வந்தது. என் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய ஈரல் துண்டுகள், கன்ட்ரோல் எலிகளுடையவை, இரண்டு வருடமாக மைனஸ் 20-இல். புதிதாகச் சேர்ந்த ஜூனியர் பெண் ஏற்கெனவே அவற்றின் மேல் கண் வைத்திருந்தாள்.

"அக்கா, எனக்கு எலி பத்தல. இது உங்க கன்ட்ரோல்தானே, நான் எடுத்துக்கட்டுமா?"

ஒன்றை மட்டும் எடு என்றேன். அரைத்து, சரியான பிளாங்க் வைத்து, பி.எச்.டி. சேர்த்து, குழாயின் வாயில் கோலிக்குண்டை வைத்து வேகவிட்டோம். வாழ்நாளில் விஷம் எதையும் தொடாத எலியின் ஈரல். மேல் அடுக்கு அடர் சிவப்பாக ஏறி நின்றது. என் பழைய நோட்டை எடுத்து, கார்பன் டெட்ராகுளோரைடு எலிகளின் பக்கத்தைப் புரட்டி அவளிடம் காட்டினேன். எண் அதையும் தாண்டியிருந்தது.

அவள் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சூப்பர் ரோஸ்மில்க்கா" என்றாள். மீதித் துண்டுகளை இருவருமாக ஆட்டோகிளேவ் பையில் போட்டுக் கட்டினோம். கோலிக்குண்டை மட்டும் கழுவித் திரும்ப டப்பாவில் போட்டு வைத்தேன்.